உப்பும் அணுவும் திண்ணையும்

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையை நடத்திக்கொண்டிருந்தோம். வேதியியல் பயிலும் முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, இந்த அணுவும் எங்கள் பாடத்தில் வரும் அணுவும் ஒன்றுதானா?" என்று வினவினார். வகுப்பு முடிந்தபின், தயக்கத்தோடு இன்னொன்றும் சொன்னார்: "பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில்தான் படித்தேன். இங்கே எல்லாம் ஆங்கிலம். படித்ததெல்லாம் வீண்தானோ என்று தோன்றுகிறது." அவ்விரண்டுக்கும் விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதல் வினாவை முதலில் நோக்குவோம். நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஆகிய ஐந்தும் கலந்த மயக்கமே உலகம் என்பது தொல்காப்பியர் கருத்து. மணிமேகலை காட்டும் ஆசீவகரோ நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்களை ஐவகையாகப் பகுக்கிறார். அவை புதிதாய்த் தோன்றுவதில்லை, பிளவுபடுவதில்லை, ஒன்று மற்றொன்றாக மாறுவதுமில்லை. கூடியும் செறிந்தும் பொருள்களாகின்றன. மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்த்திரள் புலப்படும். அணுவின் இயல்பும் அத்தகையதே என்னும் உவமை, இன்றைய வேதியியல் வகுப்பிலும் எடுத்துரைக்கத் தக்கது. ஆயினும் இது சிந்தனையால் எட்டிய முடிவேயன்றி, தராசில் நிறுத்துக் கண்டதன்று.

தராசைத் துணைக்கொண்டு பேசியவர் பிரெஞ்சு நாட்டு லவாய்சியர். எவ்வகையாலும் மேலும் பிரிக்க இயலாத பொருளே தனிமம் என்று வகுத்து, 1789இல் அவர் 33 தனிமங்களைப் பட்டியலிட்டார். ஒளியும் வெப்பமும்கூட அப்பட்டியலில் இருந்தன என்பது வியப்புக்குரியது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்ற கொள்கையை 1808இல் வெளியான தம் நூலில் டால்டன் விரித்துரைத்தார். நிலமும் நீரும் காற்றும் தனிமம் என்னும் தகுதியை இழந்தன. இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118.

நம் அடுக்களை உப்பையே எடுத்துக்கொள்வோம். 1807இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தால் பிரித்தெடுத்த சோடியம், நீரிலிட்டால் சீறிப் பாயும் உலோகம். 1810இல் தனிமம் என அவரே நிறுவிய குளோரின், முதல் உலகப் போரில் பல உயிர்களை மாய்த்த நச்சுவாயு. எடையில் 23 பங்கு சோடியமும் 35.5 பங்கு குளோரினும் இணைந்தால், நாம் நாளும் உண்ணும் உப்பு 58.5 பங்கு கிடைக்கிறது. கலவையில் பொருள்கள் தத்தம் இயல்போடு இருக்கும், அளவும் மாறலாம். சேர்மத்தில் அளவு மாறாது. பழைய இயல்பும் எஞ்சாது.

உப்பு என்றதும் திருச்சிராப்பள்ளியினர்க்கு 1930 நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று, திருவரங்கத்தில் பிறந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பெடுத்துக் கைதான இராஜாஜி, ஆறு மாதத் தண்டனை பெற்று, புறப்பட்ட ஊரின் மத்திய சிறைக்கே வந்து சேர்ந்தார்.

அவரே உப்பின் உட்கூறுகளைத் தமிழில் சொல்லவும் முனைந்தவர் என்பதைப் பலர் அறியார். 1916இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டவர் அவர். பின்னாளில் வேதியியலை எளிய தமிழில் விளக்கி எழுதிய நூலுக்குத் 'திண்ணை இரசாயனம்' என்று பெயரிட்டார். அவர் ஆட்சியில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதன் கசப்பு தமிழன்பர் நெஞ்சில் இன்றும் உண்டு. அதன் பொருட்டு இப்பணியை மறைத்தல் முறையன்று.

அவருக்கு முன்னரே இத்தகைய முயற்சி தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், 1875இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூலை வெளியிட்டார். இன்றும் நாம் 'தனிமம்' என்பதை ஈழத்தார் 'மூலகம்' என்பர். நம் 'சேர்மம்' அவர்கட்குச் 'சேர்வை'. தனித்து நிற்பது என்ற பொருளை ஒரு சொல் சுட்ட, பிறவற்றுக்கு மூலமாவது என்ற பொருளை மற்றொன்று சுட்டுகிறது. இரண்டையும் அறிந்த மாணவர் ஒரே கருத்தை இரு பக்கமிருந்து காண்கிறார்.

அம்மாணவியிடம் இதையே சொன்னோம்: "ஆசீவகரின் அணு வேறு, டால்டனின் அணு வேறு, பெயர் ஒன்று. பிளக்க முடியாது என்று இருவருமே கருதினர். அக்கருத்தும் வீழ்ந்தது; 1938இல் யுரேனிய அணுக்கருவும் பிளக்கப்பட்டது. ஆனால் தனிமத்துக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் தமிழில் தெளிவாக அறிந்திருக்கிறீர்கள். இனி ஆங்கிலத்தில் கற்கவேண்டியவை பெரும்பாலும் பெயர்களே." அடுத்த வாரம் அவர் 'திண்ணை இரசாயனம்' நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். திருவரங்கத்து வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய திண்ணைகளைக் கடக்கும்போதெல்லாம், அந்நூலுக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம்.