காரின் சிறு ஓட்டையும் நம் மண்ணின் ஈயமும்

புக்கிட் செந்தோசாவில் மாலை வேளையில் வீட்டு வரிசைகளின் ஊடே நடந்தால், ஏதாவதொரு வாசலில் பழைய கார் ஒன்று உப்புத்தாள் தேய்த்த வெள்ளைத் திட்டுகளோடு நிற்பதைக் காணலாம். தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் கற்றுக்கொண்ட தொழில்களுள், காரின் நெளிவைத் தட்டி எடுத்து, ஓட்டையை அடைத்துச் சாயம் அடிப்பதும் ஒன்று. இத்தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் வட சிலாங்கூருக்கும் பங்கு உண்டு.

காரின் உடலில் ஓட்டை எப்படி விழுகிறது? செம்மண் சாலையில் ஓடும்போது சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில் சேறு அப்பிக்கொள்கிறது. அந்தச் சேறு ஈரத்தை நாட்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். கோலசிலாங்கூர்ப் பக்கமானால் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே குன்றிமணி அளவு கொப்புளம் தெரியும்போது, உள்ளே அதைப்போல் பல மடங்கு இடம் அரித்துப் போயிருக்கும். இன்றைய கார்த் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தொடக்க காலக் கார்களின் உடலுக்கு மரச்சட்டமே ஆதாரம். அமெரிக்காவில் 1914-இல் வெளிவந்த டாட்ஜ் கார் முழுக்க எஃகுத் தகட்டால் ஆன உடலைப் பெற்றிருந்தது. மற்றவர்களும் மெல்ல அவ்வழியே வந்தனர். எஃகு வந்தது, கூடவே துருவும் வந்தது.

அக்காலத்துத் தொழிலாளி ஓட்டையை எதனால் அடைத்தான்? ஈயத்தால்! நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பால்வாளி ஒழுகினால் ஈயப்பற்று வைத்துத்தானே அடைத்தார்கள்? கார்ப் பட்டறையில் ஏறத்தாழ ஏழு பங்கு காரீயமும் மூன்று பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்தினார்கள். காரீயம் 327 பாகை வெப்பத்திலும், வெள்ளீயம் 232 பாகையிலும் உருகும். இவ்விரண்டையும் இப்படிக் கலந்தாலோ, 183 பாகையிலேயே இளகத் தொடங்கி, ஏறக்குறைய 255 பாகை வரை முழுதும் உருகாமல், பிசைந்த மாவைப் போல நிற்கும். அந்த நேரத்துக்குள் கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் அதைத் தகட்டின் மேல் இழைத்துவிட வேண்டும். கை சற்று அயர்ந்தால் ஈயம் தரையில் கிடக்கும். பெரிய ஓட்டையானால் முதலில் தகடு வைத்துப் பற்றவைத்து, அதன் மேல்தான் ஈயம். ஆறிய பின் அரத்தால் அராவினார்கள். தூளாக்கித் தேய்த்தால் காரீயத் தூசு மூச்சில் ஏறும். அது உடலில் தங்கும் நஞ்சு.

அந்த வெள்ளீயத்தை உலகுக்கு மிகுதியாகத் தந்த நாடுகளில் நம் மலாயா முதன்மையானது. ரவாங், செரண்டா, பத்தாங் காலி வட்டாரங்களில் இன்று மீன் பிடிக்கப் போகிறோமே, அந்தக் குளங்களில் பல பழைய ஈய லம்பங்கள். ரவாங்கில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894-இலேயே லம்பத்து வேலைக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டில் மின்சாரத்தின் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

பால்மரத்துக்கும் இதில் இடமுண்டு. 1923-இல் டியூகோ என்னும் விரைவில் உலரும் சாயம் வந்தது. அதற்கு முன் ஒரு காருக்குப் பூச்சு முடிய வாரக்கணக்கில் ஆகும். இரட்டை வண்ணக் கார் நாகரிகமானதும், ஒரு நிறம் மற்றதில் படாமல் தடுக்கத் தாளை ஒட்டினார்கள். உரிக்கும்போது சாயமும் சேர்ந்து உரிந்தது. தொழிலாளிகள் திட்டுவதைக் கேட்ட ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் 1925-இல் எளிதில் உரியும் ஒட்டுநாடாவைச் செய்தார். இன்று இத்தகைய நாடாக்கள் பலவற்றின் பசையில் இருப்பது இயற்கை ரப்பர்.

1950-களில் ஈயத்தின் இடத்தைப் பிசின் பிடித்தது. பாலியெஸ்டர் பிசினோடு, முகப்பவுடரில் சேரும் அதே மாக்கல் தூளைக் கலந்த பசை அது. நம்மவர் 'சிமென்' என்பது இதைத்தான். எலுமிச்சை அளவு பசைக்குப் பட்டாணி அளவு கடினப்படுத்தி சேர்த்தால் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். தீ வேண்டாம், மரக்கரண்டி வேண்டாம். வேலை எளிதானதும் ஏமாற்றும் எளிதானது.

நாமும் ஒருமுறை ஏமாந்தோம். பழைய காரொன்றின் பின்சக்கரத்துக்கு மேல் விரல் நுழையும் ஓட்டை. பட்டறையில் ஒரே நாளில் பளபளவென்று செய்து கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, அந்த இடம் அப்பளம் போல் உப்பிப் பெயர்ந்தது. உள்ளே பார்த்தால் செய்தித்தாள்! தாளைத் திணித்து அதன் மேல் சிமெனைப் பூசியிருக்கிறார்கள். இந்தப் பசை பின்புறமிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பது நமக்கு அப்போது தெரியாது. கொடுத்த பணம் ஒரு பள்ளித் தவணைச் செலவுக்கு ஆகியிருக்கும்.

1985 ஒரு திருப்பம். ஜூலை 9-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஈயத்தால் வாழ்ந்த வட்டாரம் காரைத் தேடிப் போயிற்று. 1993-இல் நிறுவப்பட்ட பெரோடுவா, ரவாங்குக்கு அருகே சுங்கை சோவில் ஆலை கண்டு, 1994-இல் கஞ்சில் காரைத் தந்தது. இன்றைய ஆலைகளில் காரின் உடலையே சாயத்தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். ஆகவே ஓட்டை விழ நாளாகிறது. விழாமல் இல்லை.

நம் காரை மறுபடி செய்தவர் தோட்டத்தில் பிறந்த ஓர் இளைஞர். துருப்பிடித்த தகட்டைப் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை வெட்டி நீக்கி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தார். உட்புறமும் பூச்சு அடித்தார். சிமென் மெல்லிய பூச்சாக மேலே மட்டுமே. எல்லாம் முடிந்தபின் ஆணியொன்றை எடுத்துக் கதவின் அடிவிளிம்பைக் குத்தினார். “புது ஓட்டையா தம்பி?” என்றோம். “இல்லைங்க சார், இது கம்பெனிக்காரன் தண்ணி வடியறதுக்கு வச்ச ஓட்டை. போன தடவை இதையும் அடைச்சுட்டாங்க,” என்றார். குத்திய துளை வழியே பழுப்புநிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி நின்றது.