மாவுச்சத்தைக் குறைத்தல்: ஒரு சிகிச்சை நீண்ட ஆயுளுக்கான வழியாக மாறிய வரலாறு

1797இல் ஜான் ராலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் நீரிழிவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மெரிடித் என்ற பீரங்கிப் படை அதிகாரிக்குத் தானியத்தையும் காய்கறியையும் நிறுத்திவிட்டு இறைச்சியும் கொழுப்பும் கொடுத்ததில், சிறுநீரில் சர்க்கரை குறைந்தது என்பது அதன் சாரம். மாவுச்சத்தைக் குறைத்து நோயைக் கையாண்டதற்கு நவீன மருத்துவத்தில் கிடைக்கும் தொடக்கச் சான்றுகளில் இது ஒன்று. நோயாளிக்கென்று, மருத்துவர் கண்காணிப்பில் பிறந்த இந்த முறை, நோயே இல்லாதவர் நெடுநாள் வாழ்வதற்கான வழியாக எப்படி மாறியது, சான்றுகள் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுத்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தட்டிலிருந்து எதை எடுத்தோம் என்பதைப் பற்றித்தான் இரு நூற்றாண்டுகளாகச் சச்சரவு நடக்கிறது. எடுத்த இடத்தில் எது வந்தது என்பதற்கே முடிவுகளில் பெரும் பங்கு உண்டு என்பது என் வாதம்.

மருத்துவ நூல்களிலிருந்து இந்த முறையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பேண்டிங். லண்டனில் பெரிய மனிதர்களின் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்யும் குடும்பத் தொழில் அவருடையது. 1862 ஆகஸ்டில் வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து காலணி நாடாவைக் கட்ட முடியாது. முழங்கால் வலிக்குப் பயந்து மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. துருக்கிக் குளியல் ஐம்பது வரை போட்டும் ஆறு பவுண்டுக்கு மேல் இறங்கவில்லை. கடைசியில் காது மந்தமாகிறது என்று போன இடத்தில்தான் வழி பிறந்தது. காது மருத்துவர் வில்லியம் ஹார்வி, கல்லீரலே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று காட்டிய கிளாட் பெர்னாரின் உரைகளைப் பாரிஸில் கேட்டவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விடச் சொன்னார்.

மறுவருடம் பேண்டிங் தன் செலவில் அச்சிட்டு வழங்கிய சிறு வெளியீட்டில் அன்றாட உணவு அவுன்ஸ் கணக்கில் இருக்கிறது. காலையில் நான்கைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஒரு அவுன்ஸ் வாட்டிய ரொட்டி. மதியம் மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர எந்தக் காயும், இரண்டு மூன்று கோப்பை ஒயின். இரவு உறங்கும் முன் வேண்டுமானால் சர்க்கரை சேர்க்காத ஜின் அல்லது பிராந்தி. ஓராண்டில் 46 பவுண்டு இறங்கியது. 1878இல் தம் 81ஆம் வயதில் காலமானார். இந்த முறையை ஆதரிப்போர் அந்த 81ஐ விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஒற்றை மனிதரின் ஆயுள் எதையும் நிரூபிக்காது. அப்படி நிரூபிக்கும் என்றால் தினம் குடித்த ஒயினுக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டிவரும். பேண்டிங் ரொட்டியை முழுக்க விடவில்லை, காய்களையும் பழத்தையும் விடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதும் விலக்கும் இன்றைய கீட்டோ உணவுமுறையின் அளவுகோலில் பார்த்தால் அவர் தேறமாட்டார்.

அடுத்த அரை நூற்றாண்டில் இந்த முறை மீண்டும் நோயாளிகளிடம் போனது. அங்கே அது கொடூரமாகவும் இருந்தது. இன்சுலின் இல்லாத காலத்தில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஃபிரடெரிக் ஆலன், நீரிழிவு வந்த குழந்தைகளை ஏறத்தாழப் பட்டினியிலேயே வைத்து ஆயுளைச் சில மாதங்கள், சில வருடங்கள் நீட்டித்தார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பிறகு அந்தக் கட்டாயம் போயிற்று. அதற்குச் சற்று முன், 1921இல், மேயோ கிளினிக்கின் ரஸல் வைல்டர் வலிப்பு நோய்க்குக் கீட்டோன் உண்டாக்கும் உணவைப் பரிந்துரைத்தார். மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்புக்கு அது இன்றும் பயன்படுகிறது. இந்த உணவுமுறையின் மிக உறுதியான மருத்துவப் பயன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். ஆயுளைப் பற்றி வைல்டர் எதுவும் பேசவில்லை.

1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் நடந்த சோதனை தனிக் கவனம் பெற வேண்டியது. வட துருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இனுயிட் மக்களோடு வாழ்ந்தபோது இறைச்சியும் மீனும் மட்டுமே தின்று நலமாக இருந்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவரும் கார்ஸ்டன் ஆண்டர்சனும் ஓராண்டு இறைச்சி மட்டும் உண்டு காட்ட ஒப்புக்கொண்டார்கள். ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாம் உண்டு. மாவுச்சத்து நாளுக்கு 7 முதல் 12 கிராம்தான். ஸ்கர்வி வரவில்லை, ரத்த அழுத்தம் ஏறவில்லை. ஆனால் தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சி மட்டும் கொடுத்தபோது இரண்டு மூன்று நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். மாவுச்சத்து இரு கட்டங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே; மாறியது அதன் இடத்தை நிரப்பிய பொருள். செலவை இறைச்சித் தொழில் அமைப்பு ஏற்றது. சோதிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர், காலம் ஒரே ஆண்டு. இன்றைய காணொளிகளில் இந்தச் சோதனை வரும்போது இவை வருவதில்லை.

1972இல் நியூயார்க் இதயநோய் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸின் நூல் வந்ததும் இது ஒரு சந்தையாகிவிட்டது. மறுவருடமே அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாகக் கண்டித்தது. 1977இல் அமெரிக்க செனட் குழு, கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டு என்று நேர்மாறாகச் சொன்னது. இரு தரப்பிலும் சத்தம் பெரிது, நீண்டகாலச் சோதனை சொற்பம். 2003இல்தான் முறையான ஒப்பீடுகள் வரத் தொடங்கின. 63 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் ஆறாவது மாதத்தில் அட்கின்ஸ் குழு முன்னணியில் இருந்தது; பன்னிரண்டாவது மாதத்தில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள். நீரிழிவிலும் இதே போக்குதான். 23 சோதனைகளைத் திரட்டிய 2021ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கியது. குறுகிய காலப் பலன் மெய். மறுப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதை முப்பது வருடத்துக்கு இழுத்து நீட்டுவதில்தான் சிக்கல்.

ஆயுளுக்கான சான்று வேறு வகையான ஆய்வுகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் நான்கு ஊர்களில் 15,428 பேரைச் சுமார் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. மொத்த ஆற்றலில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு மிகக் குறைவு. 40க்குக் கீழும் 70க்கு மேலும் போனவர்களிடையே கூடுதல். ஐம்பது வயதில் ஒருவருக்கு எஞ்சிய ஆயுள், நடுக் குழுவில் 33.1 ஆண்டு, 30 சதவீதத்துக்கும் குறைவாக உண்டவர்களில் 29.1 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். நாளிதழ்கள் இந்த நான்காண்டைத்தான் பிடித்துக்கொண்டன. அதே கட்டுரையின் இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மாவுச்சத்தின் இடத்தில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழி வந்தவர்களுக்கு இறப்பு கூடியது, பருப்பு, கொட்டைகள் போன்ற தாவர உணவு வந்தவர்களுக்குக் குறைந்தது. 2010இல் வெளியான, செவிலியர்களையும் ஆண் சுகாதாரப் பணியாளர்களையும் தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வும் இதையே காட்டியிருந்தது.

இவை காரணத்தை நிரூபிப்பவை அல்ல. அந்த 25 ஆண்டில் உணவைப் பற்றிக் கேட்டது இரண்டே முறை. குறைந்த மாவுச்சத்துக் குழுவில் புகைப்பவர்களும் உடல் பருத்தவர்களும் அதிகம். கணக்கில் அதைச் சரிசெய்தாலும் மிச்சம் இருக்கும். 18 நாடுகளில் 1,35,335 பேரைக் கொண்ட 2017ஆம் ஆண்டு பியூர் ஆய்வில், மாவுச்சத்து மிக அதிகம் உண்டவர்களிடம்தான் இறப்பு கூடுதல். ஏழ்மையும் வெள்ளை அரிசியும் ஒன்றாகவே வாழும் ஊர்களில் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதல்ல.

அந்த ஆய்வின் களங்களில் சென்னையும் ஒன்று. இந்தியாவின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவை 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கிய எம். விஸ்வநாதன், 1970களில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவையே நீரிழிவுக்காரர்களுக்குப் பரிந்துரைத்தார். அவர் மகன் வி. மோகனின் குழு பங்கேற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நீரிழிவு ஆய்வு (ஐசிஎம்ஆர்-இந்தியாப்) 2022இல், புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குள் வைத்துப் புரதத்தை 20 சதவீதம் வரை உயர்த்தலாம் என்று கணித மாதிரி மூலம் சொன்னது. தந்தையும் மகனும் முரண்படுவதாக நான் கொள்ளவில்லை. தந்தையின் பரிந்துரையில் நார்ச்சத்து பாதி. தீட்டிய அரிசி பெருகிய காலத்தில் அந்தப் பாதி தட்டிலிருந்து நழுவிப்போனது.

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையின் அலை பத்தாண்டுக்கு முன் ஃபேஸ்புக் வழியாகத் தமிழ்நாட்டில் பரவியபோது வறுத்த பாதாமும் பனீரும் முட்டையும் வெண்ணெய்த் தேநீரும் சோற்றின் இடத்துக்கு வந்தன. பலருக்கு எடை இறங்கியது, சர்க்கரை அளவும் இறங்கியது. ஆனால் ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு பேசுவது சராசரி இந்தியரைப் பற்றி. அவருக்கு ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்ததில் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த ஆற்றலில் ஐந்து சதவீதப் பங்கை மட்டும் மாவுச்சத்திலிருந்து எடுத்து அங்கே பருப்பு போன்ற தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ வைத்துக் கணக்கிட்டபோது அபாயம் குறைந்தது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பருப்பை ஒரு கரண்டி கூட்டுவதற்கு மேல் அது கேட்கவில்லை. அப்படி உண்டவர்கள் எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்வார்கள் என்பது அந்த ஆய்வின் கேள்வியல்ல.