தாய்க்குத் துணை பக்கத்து வீட்டுத் தாய்

(தாய்ப்பால் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்ப்பாலே சிறந்தது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் முதல் பிள்ளையைப் பெற்ற பெண், வீடு திரும்பிய மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிப் போய், பிள்ளையும் ஓயாமல் அழும்போது யாரைக் கேட்பாள்? கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அது எப்படித் தொலைந்தது, அதை மீட்க முடியுமா என்பதைத்தான் இங்கே பேச வந்திருக்கிறேன்.

லயமே தாய் வீடு

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அதன் அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். துரையின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்த வட்டாரத் தோட்டங்களில் வியர்வை சிந்திய நம் பெண்கள் பிள்ளை வளர்த்த கதை மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். கப்பலேறி வந்த பெண்ணுக்குத் தாய் வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அதனால் லயமே அவளுக்குத் தாய் வீடானது. நாலு பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டு அக்காள் வந்து உட்கார்ந்து, பிள்ளையை எப்படி அணைப்பது, வாயை எப்படி அகலத் திறக்க வைப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். பூண்டுக் குழம்பும் முருங்கைக் கீரையும் சுறாப் புட்டும் வீடு தேடி வந்தன.

அந்தக் காலத்தில் எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றியவர்கள் உண்டு. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டியவர்கள் உண்டு. துணை இருந்தது, சரியான அறிவு எப்போதும் இருக்கவில்லை.

பெரட்டும் டின் பாலும்

இருட்டோடு பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம் பிரசவ உதவித்தொகைக்கு வழி செய்தது உண்மைதான். ஆனால் மரத்துப் பாலை நேரத்தோடு எடுத்தே ஆக வேண்டும்; பிள்ளைப் பசிக்கு அந்த நேரம் தெரியாது. இடைப்பட்ட நேரத்தில் கைகொடுத்தது கடையில் விற்ற இனிப்பான டின் பால்.

அந்தப் பாலின் ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1936-இல் மலாயாவுக்குப் பணிக்கு வந்தவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். குழந்தைக்கு ஒவ்வாத டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விளம்பரம் செய்வது கொலைக்குச் சமம் என்று அந்தப் பெரிய மனிதர்கள் முன்னிலையிலேயே சாடினார். பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவரே சாங்கி முகாமில் கைதியானார். பட்டினி நிறைந்த அந்த முகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன; 20-ம் பிழைத்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

உலகம் விழித்துக்கொள்ள மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு மலேசியா 1979-இல் நெறிமுறை வகுத்தது. உலக சுகாதார மாநாடு 1981-இல் அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. 1991-இல் உருவான உலகத் தாய்ப்பால் கூட்டணியின் செயலகம் நமது பினாங்கில்தான் அமைந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பினாங்கைச் சேர்ந்த அன்வார் ஃபாசால். 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது.

மருத்துவமனை வாசலோடு முடிவதல்ல

நம் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் ‘குழந்தை நேய மருத்துவமனை’ என்ற தகுதியை 1998-இல் பெற்றன. உலகில் இதைச் சாதித்த மூன்றாவது நாடு மலேசியா. பெருமைதான்! ஆனால் 2006 தேசிய சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 14.5 விழுக்காடுதான். ஏன்?

மருத்துவமனையில் தாய் இருப்பது ஒன்றிரண்டு நாள். சிக்கல் தொடங்குவதோ வீட்டில். ‘பால் பத்தலை’ என்று வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புட்டிப்பால் உள்ளே வந்துவிடும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி நுழைந்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். ஐந்து நாளைத் தாண்டிய பிள்ளை நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல அந்த வேளையில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை வங்காளதேசத்தின் டாக்கா நகரம் காட்டியது. பாலூட்டி அனுபவப்பட்ட உள்ளூர்த் தாய்மார்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, கர்ப்பக் காலம் தொடங்கி 15 முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தத் தாய்மார்களில் 70 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தார்கள். துணை கிடைக்காதவர்களில் 6 விழுக்காட்டினர்தான். ஆய்வு வெளியான ஆண்டு 2000. யோசித்துப் பாருங்கள், இது நம் லயத்து அக்காள் செய்த வேலைதானே? அதோடு சரியான அறிவும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2016 ஆய்வில் அந்த அளவு 47.1 விழுக்காடாக உயர்ந்தது. தனியார் துறைப் பெண்களின் பிரசவ விடுமுறை 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது.

ஆனால் நம் லயங்கள் கலைந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் சிதறிப் போயின. மூடிய கதவுக்குள் புதுத் தாய் தனியாக அழுகிறாள். எதிர் வீட்டில் மூன்று பிள்ளைக்குப் பாலூட்டிய பெண் இருக்கிறாள். ஒருவருக்கு மற்றவர் பெயர் தெரியாது.

இதை மாற்றப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் பாலூட்டிய அனுபவமுள்ள இரண்டு மூன்று தாய்மார்கள் முன்வரட்டும். அரசாங்கக் கிளினிக் தாதியரிடம் பயிற்சி கேட்கட்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் ஆலய மகளிர் பிரிவும் யார் வீட்டில் தலைப்பிரசவம் என்று தெரிந்து சொல்லட்டும். கணவரும் மாமியாரும் அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடட்டும். காய்ச்சலோ மார்பில் சீழோ கண்டால், பிள்ளையின் எடை ஏறாவிட்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புவதும் இந்தத் துணையின் கடமை.

கடல் கடந்து வந்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற நம் பாட்டிமார்கள் ஒருத்திக்கு ஒருத்தி தாய் வீடாக இருந்தார்கள். எல்லா வசதியும் உள்ள நம்மால் அது முடியாதா? உங்கள் வரிசையில் இந்த மாதம் யாருக்குப் பிரசவம் என்று முதலில் விசாரியுங்கள்.