மனைவி தேவைப்பட்டவர்களின் மௌனம்: இயேசுவின் மணநிலை பற்றிய ஒரு மறுஆய்வு

கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருமணம் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கடும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. திருமணம் என்பதே விபசாரம், அதை மனிதருக்குள் புகுத்தியவன் சாத்தான் என்றார்கள் ஒரு சாரார். ஆண்டவர் மணம் செய்துகொள்ளவில்லை, உலகில் எதையும் உடைமையாகச் சேர்க்கவில்லை, நாங்கள் அவர் வழியில் நடக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அவர்களை எதிர்த்து எழுதியவர் அலெக்சாந்திரியாவின் பேராசான் கிளமெந்து. ‘ஸ்திரோமாத்தெயிஸ்’ என்னும் அவருடைய நூலின் மூன்றாம் பகுதி இந்த வழக்குக்கென்றே எழுதப்பட்டது. இயேசு மணமாகாதவர் என்று வெளிப்படையாகப் பேசும் மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று.

கிளமெந்து திருமணத்தின் பக்கம் நின்றவர். இயேசுவுக்கு மனைவி இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதிராளியின் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டவர் மணம் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குக் காரணங்களை அடுக்குகிறார்: அவருக்குத் திருச்சபையே மணமகள், துணை தேடும் சாதாரண மனிதர் அல்லர் அவர், என்றும் நிலைத்திருப்பவருக்குச் சந்ததி தேவையில்லை. பிறகு திருத்தூதர்களிடம் வருகிறார். பேதுருவுக்கும் பிலிப்புக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்கிறார். பவுலுக்கும் மனைவி உண்டு என்று பிலிப்பியர் திருமுகத்தின் ஒரு தொடரைக் கொண்டு வாதிடுகிறார். பவுலுக்கே மனைவி தேடும் அளவுக்கு முனைந்தவர், இயேசுவுக்கு மட்டும் தேடவில்லை.

இயேசுவின் மணநிலை பற்றிய விவாதத்தில் இந்த இடத்துக்கு உரிய கனம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நற்செய்தி நூல்களில் மனைவி பற்றிப் பேச்சே இல்லை என்பதை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் எல்லா மௌனமும் ஒரே எடையுள்ளவை அல்ல. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதவர் சொல்லாமல் விட்டதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. சொன்னால் தன் வழக்கு வெல்லும் என்ற நிலையில் இருப்பவர் சொல்லாமல் விட்டால், அது சான்றாகிறது.

நற்செய்திகள் எவ்வளவு சொல்கின்றன?

முதலில் நற்செய்தி நூல்கள். அவற்றின் மௌனத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியாகாது. பேதுரு மணமானவர் என்று நமக்குத் தெரிவது எப்படி? அவருடைய மாமியார் காய்ச்சலாகக் கிடந்தார், இயேசு குணமாக்கினார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் எழுதியதால். அந்த மாமியாருக்குக் காய்ச்சல் வந்திராவிட்டால் நான்கு நற்செய்திகளையும் புரட்டினாலும் பேதுருவுக்கு மனைவி உண்டென்று யாரும் கண்டிருக்க முடியாது. அந்த மனைவி நேராக ஓரிடத்திலும் வருவதில்லை. மனைவிமாரைப் பற்றிப் பேசாமலிருப்பது இந்நூல்களின் இயல்பு என்று, இயேசு மணமானவர் எனக் கருதும் வில்லியம் ஃபிப்ஸ் போன்றோரின் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் மாற்கு 6:3 வேறு வகை. நாசரேத்து ஊரார் இயேசுவை இவன் யார் என்று அடையாளம் காட்டும் காட்சி அது. தாய் மரியா, சகோதரர்களான யாக்கோபு, யோசே, யூதா, சீமோன், பெயர் சொல்லாமல் சகோதரிகள் என உறவுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஊர்க்காரர்கள் ஒருவனுடைய குடும்பத்தை எண்ணிக் காட்டும் இடத்தில் மனைவி மக்கள் விடுபடுவது சற்று உறுத்துகிறது. லூக்கா 8-ஆம் அதிகாரத் தொடக்கமும் அப்படியே. இயேசுவுடன் சென்ற பெண்களில் யோவன்னா, ஏரோதின் மாளிகை மேற்பார்வையாளரான கூசாவின் மனைவி என்று குறிக்கப்படுகிறார். மரியாவோ தம் ஊரான மகதலாவால் அடையாளம் பெறுகிறார். கணவர் பெயரால் ஒரு பெண்ணைச் சுட்டும் வழக்கம் அதே வரிகளில் இருக்க, மகதலா மரியாவுக்கு அது பயன்படவில்லை.

பவுலின் இரு அதிகாரங்கள்

நற்செய்திகளுக்கு முன்பே, ஏறத்தாழ 50-களின் நடுவில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் இந்த வழக்கின் மையம். ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் தம் உரிமைகளுக்காக வாதாடுகிறார். மற்றத் திருத்தூதர்களும் ஆண்டவரின் சகோதரர்களும் கேபாவும் மனைவியரை உடன் அழைத்துச் செல்கிறார்கள், எனக்கு மட்டும் அந்த உரிமை இல்லையா என்று கேட்கிறார். ஆண்டவரின் சகோதரர்கள் வரை வந்தவர், ஆண்டவரிடம் செல்லவில்லை. இயேசுவும் மனைவியுடன் பயணம் செய்திருந்தால் அதைவிடப் பெரிய முன்னுதாரணம் வேறு இருந்திருக்காது. பவுல் பேசுவது தூதர்களின் உரிமையைப் பற்றி மட்டுமே, எனவே இயேசு பட்டியலில் வர வேண்டியதில்லை என்று மறுக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தில், நற்செய்தி அறிவிப்பவர் அதனாலேயே பிழைக்க வேண்டும் என்பதற்கு ஆண்டவரின் கட்டளையைத்தான் பவுல் துணைக்கு அழைக்கிறார். ஆக, இந்த வாதத்தில் ஆண்டவரின் பெயரைக் கொண்டுவர அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் அதே திருமுகத்தில் உள்ளது. ஏழாம் அதிகாரத்தில் பவுல் மணமாகாமல் இருப்பதைப் பரிந்துரைக்கிறார். மணமாகாதோரைப் பற்றி ஆண்டவரின் கட்டளை எதுவும் தம்மிடம் இல்லை என்கிறார். தம்மையே எடுத்துக்காட்டாக வைக்கிறாரே தவிர, இயேசு மணமாகாதவர் என்று அவர் சொல்லவில்லை. அப்படியானால் துறவு வாழ்வுக்கு ஆதரவு தேவைப்பட்டவரும் மௌனமாகத்தானே இருந்திருக்கிறார்?

இந்த எதிர்வாதம் வலுவானது. ஆனால் பவுல் தம் திருமுகங்களில் இயேசுவின் அன்றாட வாழ்வை எடுத்துக்காட்டாகக் கையாள்வது மிக அரிது. அவருக்குப் பயன்படுவன ஆண்டவரின் கட்டளைகள், சிலுவை, உயிர்ப்பு ஆகியவையே. மாறாக ஒன்பதாம் அதிகாரம், யார் மனைவியுடன் பயணிக்கிறார்கள் என்ற நடைமுறையையே சான்றாக வைக்கும் இடம். அங்கே இயேசு இல்லாமற்போவதற்குத்தான் எடை அதிகம். ஏழாம் அதிகாரம் வேறொன்றைக் காட்டுகிறது: இயேசுவின் மணமாகா நிலை உண்மையாகவே இருந்தாலும், முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அதை ஒரு கொள்கையாக ஆக்கியிருக்கவில்லை.

யூதர் என்றால் மணமானவர்தானா?

1970-இல் வெளிவந்த ‘இயேசு மணமானவரா?’ என்ற பொருள்படும் நூலில் ஃபிப்ஸ் வைத்த முக்கிய வாதம், யூத ஆண் ஒருவர் முப்பது வயதுவரை மணமாகாமல் இருப்பது வழக்கமன்று என்பது. பலுகிப் பெருகுவது கட்டளை என்று மிஷ்னா சொல்வது உண்மை. ஆனால் மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 அளவில். முதல் நூற்றாண்டுச் சான்றுகள் வேறொரு படத்தையும் தருகின்றன. எசீனியரில் பெரும்பாலோர் மணத்தைத் தவிர்த்தார்கள் என்று ஜோசிபஸ், ஃபிலோ, மூத்த பிளினி ஆகிய மூவரும் எழுதுகிறார்கள். அவர்களில் மணம் செய்துகொள்ளும் ஒரு பிரிவும் உண்டு என்று ஜோசிபஸ் சேர்த்துக்கொள்கிறார். மனைவி கொள்ளாதே என்ற இறைக் கட்டளையை எரேமியா பெற்ற கதை எல்லா யூதருக்கும் தெரிந்தது. பிற்கால ரபிகளிடையே பென் அஸ்ஸாய், திருச்சட்டத்தின் மேலுள்ள காதலால் மணம் செய்யாதவராகத் தல்மூதில் நினைவுகூரப்படுகிறார். இறைவாக்கினருக்கு உரிய துறவு என்ற மரபில் இயேசுவை வைத்துப் பார்க்கலாம் என்று கேசா வெர்மெஸ் 1973-இல் எழுதினார். ஆகவே மணமாகா யூதர் அரிதானவர். இருக்கவே முடியாதவர் அல்லர்.

ஓட்டை விழுந்த ஏடு

மகதலா மரியாவை இயேசுவின் மனைவி என்போர் பெரிதும் நம்புவது 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த ஏடுகளில் உள்ள பிலிப்பு நற்செய்தியை. அதன் 63-ஆம் பக்கத்தில், இயேசு மரியாவை மற்றச் சீடர்களைவிட அதிகம் நேசித்தார், பலமுறை முத்தமிட்டார் என்று வரும் இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது. எங்கே முத்தமிட்டார் என்ற சொல் இருந்த இடத்தில் ஓட்டை. பல பதிப்புகள் அங்கே வாயைக் குறிக்கும் சொல்லை இட்டு நிரப்புகின்றன. அது பதிப்பாசிரியரின் ஊகம். அப்படியே இருந்தாலும், நிறைவடைந்தோர் முத்தத்தால் கருத்தரிக்கிறார்கள், அதனால் நாம் ஒருவரையொருவர் முத்தமிடுகிறோம் என்ற கருத்தை அதே நூல் நான்கு பக்கங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. இங்கே முத்தம், ஞானம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும் வழி. நூலின் காலமோ பெரும்பாலும் மூன்றாம் நூற்றாண்டு. இதிலிருந்து கலிலேயாவில் நடந்த ஒரு திருமணத்தை மீட்டெடுக்க முடியாது.

பெட்டியும் துணுக்கும்

1982-இல் பேஜண்ட், லீ, லிங்கன் ஆகிய மூவர் எழுதிய நூலும் அதன் வழியே 2003-இல் டான் பிரவுன் எழுதிய புதினமும் இயேசுவின் வம்சம் பிரான்சில் தழைத்தது என்ற கதையை உலகெங்கும் கொண்டுசென்றன. அதன் அடிப்படையான ஆவணங்கள் 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் போட்டுவைக்கப்பட்ட போலிகள். 2007-இல் ஒரு ஆவணப்படம், எருசலேமின் தல்பியோத்தில் 1980-இல் கிடைத்த கல்லறையின் எலும்புப் பெட்டிகளை இயேசு குடும்பத்தினுடையவை என்றது. யோசேப்பின் மகன் இயேசு என்ற பெட்டிக்கும் ஒரு மரியாவின் பெட்டிக்கும் தாய்வழி மரபணு ஒத்துப்போகவில்லை, ஆகவே இருவரும் கணவன் மனைவி என்றது. தாய்வழி உறவில்லாத இருவர் ஒரே கல்லறையில் இருக்க ஆயிரம் வழிகள் உண்டு. அக்காலப் பாலஸ்தீன யூதப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மரியா என்றே பெயர்.

2012 செப்டம்பர் 18 அன்று ரோமில் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் அறிவித்த பப்பைரஸ் துணுக்கு இவற்றைவிடக் கவனத்துக்குரியது. ஏறத்தாழ 4 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் உள்ள அதில், கோப்திய மொழியில், இயேசு தம் மனைவி என்று யாரையோ குறிப்பிடுகிறார். இது இயேசுவின் வாழ்வுக்குச் சான்றல்ல, இரண்டாம் நூற்றாண்டு விவாதத்துக்கே சான்று என்று கிங் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். துணுக்கு உண்மையாக இருந்திருந்தால், கிளமெந்து பேசத் துணியாததை அவர் காலத்தையொட்டி வேறொருவர் பேசினார் என்று ஆகியிருக்கும். இக்கட்டுரையின் வாதமும் ஆட்டம் கண்டிருக்கும்.

ஆனால் துணுக்கு நிற்கவில்லை. அதன் சொற்றொடர்கள் தோமா நற்செய்தியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் வாட்சன் சில நாள்களிலேயே காட்டினார். இணையத்தில் இருந்த தோமா நற்செய்திப் பதிப்பு ஒன்றின் எழுத்துப் பிழை துணுக்கிலும் அப்படியே இருப்பதை ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் கண்டார். 2014-இல் வெளியான சோதனை முடிவுகள் பப்பைரஸ் பழையது, ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் அடங்கும் என்றதும் வழக்கு மாறுவதுபோல் தெரிந்தது. அப்போது கிறிஸ்டியன் ஆஸ்கலண்ட் துணுக்கை விட்டுவிட்டு, அதே உரிமையாளரிடமிருந்து வந்த யோவான் நற்செய்தித் துணுக்கைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. அந்த யோவான் துணுக்கின் வரிகள், 1924-இல் ஹெர்பர்ட் தாம்சன் பதிப்பித்த ஒரு பழைய சுவடியின் வரிகள் முடியும் இடங்களிலேயே முடிந்தன. ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். அது எழுதப்பட்ட, கோப்திய மொழியின் லிகோபொலித்தான் வட்டார வழக்கோ, அந்தப் பப்பைரஸ் செடி முளைப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே எழுத்தில் மறைந்துபோனது. ஏடு பழையது, எழுத்து புதியது என்பது உறுதியானது. 2016-இல் ஏரியல் சாபார் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதன் உரிமையாளரின் பின்னணியை வெளிக்கொணர்ந்தபின், போலி என்ற பக்கமே தராசு சாய்கிறது என்று கிங் ஒப்புக்கொண்டார்.

எதைச் சொல்லலாம்?

இந்தத் துணுக்கு நீங்கியபின் பழைய நிலையே மிஞ்சுகிறது. முதல் நான்கு நூற்றாண்டுகளில் திருமணத்தின் மதிப்புக்காகப் போராடிய கிறிஸ்தவர் எவரும் இயேசுவுக்கு மனைவி உண்டு என்று வாதிட்டதாகத் தெரியவில்லை. மணமானவரும் கன்னியரும் இறைவன் முன் சமம் என்று சொல்லி நான்காம் நூற்றாண்டு இறுதியில் கண்டிக்கப்பட்ட யொவினியனும் அதைச் சொல்லவில்லை. அவருக்கு மறுப்பாக ஜெரோம் 393-இல் எழுதிய நூல், யொவினியன் அடுக்கிய மணமான புனிதர்களின் பெயர்களை வரிசையாகத் தருகிறது. அந்த வரிசையில் இயேசு இல்லை. அப்படியொரு மரபு எங்கேனும் ஓரத்தில் உயிரோடு இருந்திருந்தால், இவர்கள் கையில் அது கிடைத்திருக்கும்.

எனவே, பணிக்காலத்தில் இயேசு மணமாகாதவராகவே இருந்தார் என்பதே வரலாற்று நோக்கில் மிகவும் ஏற்கத்தக்கது. ஜான் மையர் 1991-இல் இதே முடிவுக்கு வந்தார். முப்பது வயதுக்கு முந்தைய ஆண்டுகளை இந்த முடிவு எட்டாது. இளவயதில் மணந்து மனைவியை இழந்தவர் என்ற வாய்ப்பை எந்தச் சான்றும் தடுக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. குருக்கள் மணம் செய்யக்கூடாது என்ற பிற்கால விதிக்கும் இந்த முடிவு தானாக ஆதாரமாகிவிடாது. இயேசு மணக்கவில்லை, எனவே நாமும் மணக்கக்கூடாது என்ற வாதத்துக்குக் கிளமெந்து தந்த மறுப்பு இன்றும் செல்லும்.

மகதலா மரியாவுக்கும் இதில் ஒரு நியாயம் செய்யவேண்டியிருக்கிறது. 591-ஐ ஒட்டித் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை அவரைப் பாவியான பெண்ணோடு இணைத்தது. 1969-இல் திருத்தப்பட்ட ரோமை நாள்காட்டிதான் அந்த இணைப்பைக் கைவிட்டது. 2016-இல் அவருடைய ஜூலை 22 நினைவு, திருத்தூதர்களுக்கு உரிய விழாவின் தகுதிக்கு உயர்த்தப்பட்டது. நான்கு நற்செய்திகளும் ஒருமித்து அவரை வெறுங்கல்லறையின் சாட்சியாகப் பெயர் சொல்லி நிறுத்துகின்றன. அந்தச் சாட்சியத்தின் மதிப்பு அவர் யாருக்கு மனைவி என்பதைப் பொறுத்ததாக எந்த நற்செய்தியிலும் இல்லை. அவரை ஆராய வருபவர் தொடங்க வேண்டியது அங்கேதான்.