விடுதலையான பிறகு வாழ்த்துவது போதாது

பத்தாந் தர வகுப்பில் உருவக அணி படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “சேர், இப்படி எழுதினா பொலிஸ் பிடிக்காதா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் யாரை நினைத்துக் கேட்டான் என்பது எனக்குத் தெரியும்.

சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்னைப் போல ஒரு தமிழாசிரியர், கவிஞர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே 16ஆம் திகதி, ரமழானின் கடைசிப் பத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்பது அவர் மீதான முக்கிய குற்றச்சாட்டு. தமிழ் அறிந்தவர்கள் நூலை வாசித்துவிட்டு, தீவிரவாதத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அல்லவா இதில் இருக்கின்றன என்று திகைத்தார்கள். 2021 டிசம்பர் 15ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. 2023 டிசம்பரில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

நீதி கிடைத்துவிட்டது என்று நாம் திருப்திப்பட்டோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். கைதுக்கும் பிணைக்கும் இடையில் 19 மாதங்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்த நீதிமன்றத்தாலும் அந்த 19 மாதங்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தண்டனை முதலில், தீர்ப்பு பிறகு என்பதே இந்தச் சட்டத்தின் நடைமுறை.

இது தற்செயலாக நேர்வதல்ல. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாக, தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 9ஆம் பிரிவின்படி, அமைச்சரின் கையொப்பத்தோடு ஒருவரை மூன்று மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சான்றாகாது. இந்தச் சட்டத்தின் கீழோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் அதுவும் சான்றாகும். எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது 2(1)(எச்) பிரிவை. இனங்களுக்கோ மதங்களுக்கோ இடையில் பகையை மூட்டும் நோக்கிலான சொற்கள் என்று கருதப்பட்டால், பேச்சும் எழுத்தும் பயங்கரவாதக் குற்றமாகிவிடும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பப்பட்டது. ஓய்வுபெற்ற அரச அதிகாரியும் சமூக விமர்சகருமான ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் அதே சட்டத்தின் கீழ்தான் கைதானார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று அவர் முகநூலில் எழுதியிருந்தார். ‘ஜிஹாத்’ என்ற ஒரு சொல் போதுமானதாகிவிட்டது. தனக்குக் கொலை மிரட்டல் வருகிறது என்று பொலிஸில் முறையிட்டவர் அவர். மிரட்டியவர்கள் வெளியில் இருந்தார்கள், அவர் உள்ளே போனார். ஐந்து மாதங்களுக்குப் பிறகே பிணை கிடைத்தது. அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இனி, சொல்வதற்குக் கூச்சமான ஒன்று. 2020இல் அஹ்னாபுக்காக ஒரு மகஜரில் கையொப்பம் கேட்டு நண்பர் ஒருவர் வந்தார். “நான் அரச ஊழியன், பிள்ளைகள் படிக்கிறார்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு அலுமாரியில் இருந்த சில கவிதை நூல்களை எடுத்து மறைத்தும் வைத்தேன். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நம் வீடுகளில் எத்தனை நூல்கள் எரிந்தன, எத்தனை கிணற்றுக்குள் போயின என்பது நமக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவருக்குப் பிணை கிடைத்த அன்று ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று வட்ஸ்அப்பில் முதலில் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆபத்து நீங்கிய பிறகு வாழ்த்துவதற்குத் துணிச்சல் தேவையில்லை.

இதற்கு முந்திய மௌனமும் உண்டு. ஊடகவியலாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி, பல மாதங்கள் குற்றச்சாட்டு இல்லாமலே தடுத்து வைக்கப்பட்டார். யுத்தத்தில் பொதுமக்கள் படும் துன்பத்துக்காக அரசாங்கத்தை விமர்சித்து எழுதியதே அவர் மீதான வழக்கின் அடிப்படை. 2009 ஓகஸ்டில் அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மறு வருடம் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. அன்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அது ‘அவர்களுடைய’ பிரச்சினை என்று இருந்தோம். 11 வருடங்களுக்குப் பிறகு அதே சட்டம் நம் வாசலுக்கு வந்தது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். எழுத்தாளர் உள்ளே இருக்கும்போதே அவருக்காகப் பேச வேண்டும். அவர் நம்மவரா, அவர் எழுதியது நமக்குப் பிடிக்குமா என்பது கேள்வியல்ல. குற்றம் இருந்தால் வழக்குத் தொடருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்பது தேசத் துரோகமாகாது. கைதானவரை நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(2) உறுப்புரையும், பேச்சுச் சுதந்திரம் உண்டு என்று 14(1)(அ) உறுப்புரையும் சொல்கின்றன. நீதியின் பக்கம் நிற்பதை நம் மார்க்கமும் கடமையாக்கியிருக்கிறது.

செய்யக்கூடியவை பல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கைதானால் 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அறிவித்தார்களா என்று குடும்பத்தினர் அதன் பிராந்திய அலுவலகத்தில் உடனே விசாரிக்கலாம். 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பதறி நிற்கும் உம்மா, வாப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒரு சட்டத்தரணியாவது, படித்த ஒருவராவது இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்குத் தனிப் பொறுப்பு ஒன்றும் உண்டு. வெகுளியைத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்தது. கவிதையில் கோபம் வந்தால் அது குண்டு வைக்கும் திட்டமல்ல என்பது நமக்குத் தெரியும். தமிழ் தெரியாத விசாரணையாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அப்படியான வேளையில் நூலை முழுமையாக வாசித்து, நேர்மையான சிங்கள மொழிபெயர்ப்போடு, இதன் பொருள் இதுதான் என்று பெயரோடும் கையொப்பத்தோடும் எழுதிக் கொடுக்க நம்மால் முடியும்.

அந்த மாணவனுக்கு அன்று, “பாடத்தைக் கவனி” என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் அதே வகுப்பில் அஹ்னாபின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். நான் போடாத கையொப்பத்தைப் பற்றியும் சொன்னேன். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.