கரையோரம் கற்ற பாடம்

கடற்பயணம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது கரை காணாத நடுக்கடலே. கரையை ஒட்டிச் செல்வது எளிது, கரையை விட்டு நெடுந்தொலைவு செல்வதே அரிது என்று நாம் எண்ணுகிறோம். கப்பலோட்டியைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். நடுக்கடலில் காற்றும் அலையும் கலத்தை அலைக்கழிக்கலாம். ஆயினும் அடிப்பலகையைக் கிழிக்கும் பாறைகள் பெரும்பாலும் அங்கே இல்லை. பாறையும் மணல்திட்டும், வேளைக்கு வேளை மாறும் நீரோட்டமும் கரையோரத்தில்தான் உள்ளன. ஆகவே கரையோரத்தைக் கற்றுத் தேர்ந்தவனே தொலைதூரம் செல்லத் தகுதி பெறுகிறான். ஜேம்ஸ் குக் என்னும் மாலுமி கல்வி பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குக் 1728ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பண்ணையில் உழைத்த ஏழை. குக் சிறிது காலம் ஒரு கடையில் வேலை பார்த்தார். பின்னர், 1746இல், பதினெட்டு வயது நிரம்புமுன், விட்பி துறைமுகத்தில் ஜான் வாக்கர் என்னும் கப்பல் உரிமையாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார்.

வாக்கரின் கப்பல்கள் டைன் ஆற்றுத் துறையிலிருந்து இலண்டனுக்கு நிலக்கரி ஏற்றிச் சென்றன. கரிக்கப்பல் வேலையைப் பெருமையாகக் கருதியோர் சிலரே. ஆனால் மாலுமிக்கு அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் மணல்திட்டுகள் மலிந்திருந்தன. ஒரு புயலுக்குப் பின் அவை இடம் பெயர்ந்துவிடும். நேற்றைய வழி இன்று வழியன்று. அங்கே மாலுமிக்குக் கண்ணாக இருந்தது கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பை அடைத்துக் கடலுள் எறிவார்கள். கயிற்றின் நீளம் ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டிவரும் மணலும் சேறும் சிப்பித் துண்டும் கலம் நிற்கும் இடத்தைச் சொல்லும். மூடுபனியிலும் நள்ளிரவிலும் இவ்வாறு கடலின் அடித்தளத்தைப் படிக்கக் குக் பழகினார். குளிர்காலத்தில் கப்பல்கள் துறையில் தங்கிய நாட்களில், வாக்கரின் இல்லத்தில் மெழுகுவத்தி ஒளியில் அவர் கணிதம் பயின்றார் என்பது விட்பியில் வழங்கும் மரபுச் செய்தி.

1755இல் வாக்கர் அவருக்கு ஒரு கப்பலின் தலைமையையே அளிக்க முன்வந்தார். குக் அதை ஏற்கவில்லை. தம் இருபத்தாறாம் வயதில் அரசுக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். கையில் வந்த பதவியை விட்டு மீண்டும் கீழ்ப்படியில் நிற்க எத்தனை பேர் துணிவர்? இரண்டே ஆண்டுகளில், 1757இல், கப்பலை வழிநடத்தும் மீகாமன் தேர்வில் அவர் வெற்றி பெற்றார்.

அடுத்த ஆண்டு, கனடாவின் லூயிபர்க் கோட்டை வீழ்ந்த மறுநாள், கடற்கரையில் ஒருவர் மூன்று கால்களின்மேல் பலகை வைத்து நிலத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் சாமுவேல் ஹாலந்து என்னும் தரைப்படை அளவையாளர். குக் அவரை அணுகி அக்கலையைக் கற்பிக்குமாறு வேண்டினார். அதுவரை மாலுமிகள் பெரும்பாலும் கப்பலில் நின்றபடியே கரையை வரைந்தனர். குக்கோ கரையில் இறங்கிக் கோணங்களை அளந்து, கடலின் ஆழங்களையும் அதனுடன் இணைத்தார். 1763 முதல் 1767 வரை நியூபவுண்டுலாந்துக் கரையை அவ்வாறே அளந்தார். 1766இல் அங்கே ஒரு சூரிய கிரகணத்தைக் கண்டு குறித்தார். அக்குறிப்பு அவ்விடத்தின் தீர்க்கரேகையைக் கணிக்கப் பயன்பட்டது. கரையின் கல்வி இவ்வாறு வானின் கல்வியோடு இணைந்தது.

1768இல் பசிபிக் மாகடலுக்குச் செல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு அளித்த 'எண்டெவர்' அழகிய போர்க்கப்பல் அன்று. விட்பியில் கட்டிய கரிக்கப்பல். தட்டையான அடியும் உறுதியான உடலும் கொண்ட அதனைத் தேவையெனில் கரையில் ஏற்றிப் பழுது பார்க்கலாம். தாஹித்தியில் 1769 ஜூன் 3ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் கண்டபின், அவர் நியூசிலாந்து சென்றார். அதன் கரையில் ஏறக்குறைய 2,400 மைல் தொலைவை ஆறு மாதத்தில் வரைந்தார். ஒரு தீபகற்பத்தைத் தீவென்றும், ஒரு தீவைத் தீபகற்பமென்றும் கருதியது தவிர, அப்படம் வியக்கத்தக்கவாறு பொருந்துவதாகும்.

இனித் தேர்வு வந்தது. 1770 ஜூன் 11, இரவு பதினொரு மணி. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில், நிலவொளியில், ஈயக்குண்டு 102 அடி ஆழம் காட்டியது. மறுமுறை எறியுமுன் கலம் பவளப்பாறையில் மோதி நின்றது. மோதிய வேளை கடலேற்றத்தின் உச்சம். இனி நீர் வற்றும். பீரங்கிகள் ஆறும் பிற பளுவும் கடலில் எறியப்பட்டன. படகுகள் நங்கூரங்களை ஆழத்தில் கொண்டுபோய் இட்டன. பகல் ஏற்றம் ஒன்றரை அடி குறைந்து வந்து ஏமாற்றியது. இடைவிடாது நீரை இறைத்தபடி இரவு ஏற்றத்துக்குக் காத்திருந்து, நங்கூரக் கயிறுகளை இழுத்துக் கலத்தை மீட்டனர். ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம் அவர்கள் உயிர் ஊசலாடியது. பின், கம்பளி நார் தைத்த பாயை அடிப்புறத்தே இழுத்து ஓட்டையை அடைக்கும் உபாயத்தை மங்கௌஸ் என்னும் இளம் அதிகாரி கூறினார். குக் அவரிடமே அப்பணியை ஒப்படைத்தார். ஓர் ஆற்றுமுகத்தில் கலத்தைக் கரையேற்றியபோது, துளையில் ஒரு பவளத்துண்டு சிக்கி நீரைத் தடுத்திருந்தது தெரிந்தது.

அவர் வரைந்த படங்களின் வழியே பின்னர் குடியேற்றம் வந்தது. அந்நிலங்களின் பழங்குடிகள் பெருந்துயர் உற்றனர். அவரும் 1779இல் ஹவாயில், தீவினரோடு மூண்ட பூசலில் கொல்லப்பட்டார். இவற்றையும் வரலாறு மறைத்தலாகாது.

எனினும், மாணவர்களே, அவர் கற்ற முறையை எண்ணிப் பாருங்கள். அன்றிரவு கலத்தைக் காத்த நங்கூரமும் கயிறும், கடலேற்றத்துக்குக் காத்திருக்கும் பொறுமையும், தட்டையடிக் கலமும் மாகடலில் புதிதாகப் பெற்றவை அல்ல. கரித்தூள் படிந்த விட்பிக் கலங்களில், ஊர்க்கரையை நாள்தோறும் கண்டு பயின்றவை. அருகிலுள்ளதை ஆழ அறிந்தவர்க்கே தொலைவு வழிவிடும்.