விமானிகளுக்கான மாநிலப் பதிவுக் கட்டணம் (அமெரிக்கா)

அமெரிக்காவில் விமானம் ஓட்ட உரிமம் தருவது கூட்டாட்சி அரசு. அந்த உரிமம் பெற்ற தனியார் விமானி, தம் பெயரை மாநில அரசிடமும் பதிந்து செலுத்தும் தொகையே மாநிலப் பதிவுக் கட்டணம். விமானத்துக்குக் கட்டும் பதிவுக் கட்டணம் வேறு. இது ஆளுக்கு உரியது. சில மாநிலங்களில் மட்டுமே இது உண்டு.

இதன் வேர் 1911-இல் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்து எட்டாண்டுகூட நிறையாத நிலையில், கனெக்டிகட் மாநிலம் நாட்டின் முதல் விமானச் சட்டத்தை இயற்றியது. அதன் பின்னணியில் இருந்த ஆளுநர் சிமியன் பால்ட்வின், அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். விமானத்தைப் பதிய வேண்டும், ஓட்டுபவர் உரிமம் பெற வேண்டும், கீழே இருப்பவருக்கு நேரும் சேதத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு என்றது சட்டம். கூட்டாட்சி அரசு இத்துறையில் காலடி வைக்காத காலம் அது. மாநிலம் முந்திக்கொண்டதில் தவறே இல்லை. மாசசூசெட்ஸ் 1913-இல் தொடர்ந்தது.

1926 மே 20-இல் விமான வணிகச் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது. விமானிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு வணிகத் துறையிடம் சென்றது. முதலாம் எண் உரிமத்தை ஆர்வில் ரைட்டுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் மறுத்துவிடவே, அத்துறையின் விமானப் பிரிவுத் தலைவர் வில்லியம் மெக்ராக்கன் 1927 ஏப்ரல் 6-இல் தாமே பெற்றுக்கொண்டார். மாநிலத்துக்குள்ளேயே பறப்பவருக்கும் கூட்டாட்சி விதி செல்லுமா என்ற ஐயம் பின்னும் நீடித்தது. யூட்டாவிலிருந்து வந்த வழக்கொன்றில், பொது வான்வழியில் பறக்கும் எவருக்கும் அது செல்லும் என்று 1942-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திறமையைச் சோதிக்கும் வேலை இப்படிக் கைவிட்டுப் போனபின், மாநிலங்களிடம் எஞ்சியது பெயரைப் பதிந்து கட்டணம் வாங்குவதுதான். கூட்டாட்சி உரிமம் செல்லுபடியாக இருக்கும்போது மாநிலத்துக்கு வேறு எதற்குப் பணம் என்று விமானிகள் கேட்டது நியாயமே. பணம் எங்கே போகிறது என்பதைக் காட்டினால்தான் இக்கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அதைக் காட்டும் மாநிலம் ஓரிகன். 1921-லேயே விமானத் துறைக்கென வாரியம் அமைத்த மாநிலம் இது. இங்கே விமானி முதல் பதிவுக்கு 12 டாலரும், பிறகு ஈராண்டுக்கு ஒருமுறை 24 டாலரும் கட்டும் முறை வந்தது. இத்தொகை காணாமற்போன விமானங்களைத் தேடும் மீட்புப் பணிக்கென ஒதுக்கப்படுகிறது. அங்குள்ள காஸ்கேட் மலைக்காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்தால், மரக்கூட்டம் அதை முழுதாக மறைத்துவிடும். நாட்கணக்கில் பறந்து தேட வேண்டியிருக்கும். அந்தச் செலவில் ஒரு பங்கைப் பறப்பவர்களே முன்கூட்டிச் சேர்த்து வைப்பது நல்ல ஏற்பாடு.

இத்தகைய தேடலின் செலவு எவ்வளவு ஏறும் என்பதை 2007 காட்டியது. செப்டம்பரில் நெவாடாவிலிருந்து தனியே கிளம்பிய சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட் திரும்பவில்லை. அவரைத் தேட மாநிலத்துக்கு ஆன செலவு சுமார் 6,87,000 டாலர். விமானத்தின் சிதைவுகள் 2008 அக்டோபரில்தான், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் கிடைத்தன. இதற்கிடையே நெவாடா அரசு, நன்கொடையாக வந்தது போக மீதித் தொகையை ஃபாசெட்டின் மனைவியிடம் கேட்டிருந்தது. துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் கணக்குச் சீட்டை நீட்டுவதைவிட, விமானி உயிரோடிருக்கும்போதே சில டாலர்களை வாங்கி வைப்பது எவ்வளவோ மேல்.